ட்வொர்ஷாக் முதல் ப்யொர்க் வரை: மேலை இசைப் பெயர்களைச் சரியாகச் சொல்ல முழுமையான வழிகாட்டி

செக் இசையமைப்பாளர் ஆன்டொனீன் ட்வொர்ஷாக்கின் பெயர் பல மேடைகளில் 'ட்வோராக்' ஆகிவிடுகிறது. ஷொப்பேன் 'சோப்பின்' ஆகிறார், பாடகி ஷாடே 'சேட்' ஆகிறார். மூன்று தவறுக்கும் மூலம் ஒன்றுதான். செக்கிலும் பிரெஞ்சிலும் யொரூபாவிலும் பிறந்த பெயர்களை ஆங்கிலச் சொற்களாக எண்ணி எழுத்துக்கூட்டுகிறோம். இந்தப் பெயர்களில் ஆங்கிலம் பேசுகிறவர்களே தடுக்கி விழுகிறார்கள். அவர்கள் பின்னால் போனால் அதே இடத்தில் நாமும் விழுவோம்.

தமிழ் பேசுகிறவருக்கு நேர்வழியே எளிது. பிரெஞ்சின் மூக்கொலி, இத்தாலியனின் இரட்டிப்பு, ஜெர்மனின் தொண்டை உரசல் எல்லாம் ஆங்கிலேயருக்குப் புதியவை. அவற்றில் பெரும்பாலானவற்றை நாம் அன்றாடம் வீட்டில் ஒலிக்கிறோம். வானொலியிலோ பாட்காஸ்டிலோ பேசுகிறவர்கள், கச்சேரி அறிவிப்பாளர்கள், இசை மாணவர்கள் ஆகியோருக்கான படிகள் கீழே உள்ளன. இங்கே க்க, த்த, ப்ப என்று இரட்டித்து எழுதியிருந்தால் அந்த எழுத்து வன்மையாக ஒலிக்கிறது என்று பொருள். குறில் நெடிலைக் கண்டிப்பாகக் கவனியுங்கள், பாதிப் பெயர்கள் அதிலேயே சரியாகிவிடும்.

படி 1: பெயருக்குரியவர் எப்படிச் சொல்கிறார்?

மொழி விதிகளைத் தேடுவதற்கு முன், அந்தக் கலைஞர் தன் பெயரைத் தானே சொல்லும் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நேர்காணலின் முதல் அரை நிமிடத்தில் நடத்துநர் பெயரைச் சொல்வது போதாது, அவரே தவறாகச் சொல்லியிருக்கலாம். கலைஞர் 'நான் இன்னார்' என்று சொல்லும் இடம்தான் வேண்டும். அது கிடைத்துவிட்டால் எந்த இலக்கணமும் அதற்கு மேல் இல்லை.

சிந்தசைசரை வடிவமைத்த ராபர்ட் மோக்கின் (1934–2005) பெயரில் 'ஓ' எழுத்து இரண்டு முறை வருகிறது. அதனால் 'மூக்' என்று படித்துவிடுகிறார்கள். அவர் சொன்னது 'மோக்'. கடைசி எழுத்து வன்மையான க் அல்ல, 'யோகம்' என்பதில் வரும் மெலிந்த க. ரிஹானா தன் பெயரின் நடு அசையை 'ஆ' என்று நீட்டுவதில்லை. 'பேங்க்' என்று நாம் எழுதும் சொல்லில் வாய் அகன்று வரும் உயிர்தான் அங்கே வரும், கிட்டத்தட்ட 'ரி-யேன்-னா'. ஷாடே 1959இல் நைஜீரியாவின் இபாதானில் பிறந்தவர். ஃபொலஷடே என்ற யொரூபாப் பெயரின் பின்பாதியே அவருடைய மேடைப்பெயர். யொரூபாவில் அந்த 'எஸ்' எழுத்தின் கீழ் ஒரு புள்ளி உண்டு, அது 'ஷ' ஒலியைக் குறிக்கும். ஆங்கில அச்சில் புள்ளி உதிர்ந்துவிட்டதால் 'சேட்' பிறந்தது.

அமெரிக்க ராக் குழுவான லெனர்ட் ஸ்கினர்ட் தன் பெயரில் உயிரெழுத்து வரவேண்டிய இடங்களிலெல்லாம் 'ஒய்' போட்டுவைத்திருக்கிறது. அவர்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் லெனர்ட் ஸ்கின்னரின் பெயரைத் திரித்து வைத்த பெயர் அது. யாரும் சரியாகப் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் 1973இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அந்த உச்சரிப்பையே தலைப்பாக வைத்தார்கள்.

சிலருக்கு இரண்டு உச்சரிப்பும் சரி. 1685இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தவர் 'ஹெண்டல்'. அவரே 1727இல் பிரிட்டிஷ் குடிமகனானார், அங்கே தன் பெயரை 'ஏ' எழுத்தின் மேல் நிற்கும் இரட்டைப் புள்ளிகள் இல்லாமல் எழுதினார், 'ஹேண்டல்' ஆனார். அவருடைய ஆங்கில ஒரடோரியோக்களைப் (பாடகர்களும் இசைக்குழுவும் சேர்ந்து வழங்கும் நீண்ட படைப்புகள்) பற்றிப் பேசும்போது 'ஹேண்டல்' என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

படி 2: பெயர் எந்த மொழி, எழுத்து எந்த மொழி?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். பிறந்த ஊரை மட்டும் பார்த்து முடிவு செய்வதால்தான் பலர் வழி தவறுகிறார்கள்.

ஷொப்பேன் பிறந்தது போலந்தில், ஆனால் தந்தை பிரான்ஸிலிருந்து வந்தவர், குடும்பப்பெயர் பிரெஞ்சு. சிகாகோ சிம்ஃபனியை 1969 முதல் 1991 வரை நடத்திய கெயோர்க் ஷோல்டி பிரிட்டனில் வாழ்ந்தவர் என்றாலும் பெயர் ஹங்கேரியம். அங்கே 'எஸ்' எழுத்துக்கு 'ஷ' ஒலி, ஆகவே 'சோல்டி' தவறு. மாலியின் ஊமூ சங்காரே, செனகலின் யூஸு ந்தூர் ஆகியோரின் பெயர்கள் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளுடையவை, எழுத்து மட்டும் பிரெஞ்சு. 'ஓ', 'யூ' எழுத்துகள் சேர்ந்து வந்தால் பிரெஞ்சில் 'உ' அல்லது 'ஊ'. இது தெரியாமல் 'ஔமௌ' என்று படித்தால் பெயர் அடையாளமே தெரியாமல் போய்விடும். ந்தூர் என்பதன் முதலில் மெய்யாக நிற்கும் ந் நமக்கு எளிது. 'வந்தூர்' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'வ'வை விழுங்கிவிடுங்கள்.

படி 3: எழுத்தை அந்த மொழியின் கண்ணால் படியுங்கள்

ஒரே எழுத்து ஊருக்கு ஊர் வேறு வேலை பார்க்கிறது. அதிகம் குழப்புவது 'ஜே'. ஜெர்மன், செக், போலிஷ், ஹங்கேரியம், ஃபின்னிஷ், ஐஸ்லாந்திக் ஆகியவற்றில் அது வெறும் 'ய': லெயோஷ் யனாச்செக், தர்யா துருனென், ஸிகுர் ரோஸ் குழுவின் யோன்ஸி. ஸ்பானியத்தில் அது தொண்டையிலிருந்து வரும் 'ஹ': ஹொவாக்கீன் ரொத்ரீகொ. பிரெஞ்சிலும் போர்த்துக்கீசியத்திலும் அது குரலோடு ஒலிக்கும் 'ஷ'.

அந்தக் கடைசி ஒலியில் தமிழருக்கு மட்டுமே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. புதுச்சேரியிலும் நம் சிற்றிதழ்களிலும் பிரெஞ்சுப் பெயர்களை 'ழான்', 'ழாக்' என்று எழுதும் வழக்கம் உண்டு. அந்த ழகரம் எழுத்து வசதிக்காக வந்தது, ஒலியில் அது 'பழம்' ழ அல்ல. மின்னிசைக் கலைஞர் ழான்-மிஷெல் ழாரின் பெயரை நாக்கை மடித்துச் சொன்னால் பிரெஞ்சுக்காரருக்குப் புரியாது. 'ஷ்ஷ்ஷ்' என்று நீட்டுங்கள். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் அதிர்வு இருக்காது. நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் சேருங்கள், விரலில் அதிர்வு தெரியும். ழார், பிரேசிலின் ழொபீம், ழில்பெர்து எல்லோருக்கும் முதல் ஒலி இதுதான்.

'எஸ்', 'இஸட்' சேர்ந்து வரும் ஜோடி அடுத்த கண்ணி. ஹங்கேரியத்தில் அது 'ஸ', போலிஷில் அது 'ஷ'. ஆகவே ஹங்கேரிய லிஸ்ட், போலிஷ் ஷிமனொஃப்ஸ்கி. தனி 'எஸ்' இதற்கு நேர்மாறு: ஹங்கேரியத்தில் 'ஷ', போலிஷில் 'ஸ'. இரண்டு நாட்டுக் கலைஞர்களும் ஒரே நிகழ்ச்சியில் இருந்தால் இதை அட்டையில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக: ஜெர்மனிலும் போலிஷிலும் 'டபிள்யூ' என்பது 'வ' (வாக்னர், க்ரஃப்ட்வெர்க்). ஜெர்மனில் 'வீ' பெரும்பாலும் 'ஃப', 'இஸட்' என்பது 'ட்ஸ்'. ஆகவே ஜெர்மானியர் வாயில் பேட்-ஹோ-ஃபன், மோட்ஸார்ட். பேட்ஹோஃபனில் 'ட்'டும் 'ஹோ'வும் தனித்தனி அசை, 'தோ' என்று சேராது. அசை முதலில் 'எஸ்', 'டி' சேர்ந்தால் 'ஷ்ட்': ஷ்ட்ரௌஸ், ரம்ஷ்டைன். போலிஷிலும் செக்கிலும் தனி 'சி' என்பது 'ட்ஸ்', ஆகவே பெண்டெரெட்ஸ்கி. இத்தாலியனில் 'இ', 'எ' உயிர்களுக்கு முன் 'சி' என்பது 'ச்', பக்கத்தில் 'ஹெச்' சேர்ந்தால் 'க்'. அதனால் புச்சீனி, ஆனால் பொக்கெரீனி. வேல்ஸ் மொழியில் ஒற்றை 'எஃப்' என்பது 'வ', ஆகவே பாடகர் ப்ரின் டெர்வெல். அங்கே 'யூ' எழுத்துக்கு 'இ' ஒலியும் உண்டு, க்ரிஃப் ரீஸ் என்ற பெயரில் அதுதான் வருகிறது. ஐரிஷில் 'எஸ்' எழுத்தை அடுத்து 'இ', 'எ' வந்தால் 'ஷ', எனவே ஷினேட் ஓ'கானர். என்யாவின் இயற்பெயரை ஐரிஷ் எழுத்தில் படிக்க வெளியாருக்குக் கடினம். ஒலிக்கிறபடி எழுதியே அவர் தன் மேடைப்பெயரை அமைத்துக்கொண்டார்.

எழுத்தின் தலையில் நிற்கும் சாய்கோட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதை எல்லோரும் 'இங்கே அழுத்து' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது உண்மையாக இருப்பது ஸ்பானியம் போன்ற சில மொழிகளில்தான்: ஸ்பானியப் பாடகி ரொஸலீயாவின் பெயரில் 'லீ'யின் மேல் கோடு, அழுத்தமும் அங்கேதான். செக்கிலும் ஹங்கேரியத்திலும் அது நம் நெடில் குறி, அழுத்தத்தோடு தொடர்பே இல்லை. ட்வொர்ஷாக் என்பதில் 'ஷா' நெடில், ஆனால் அழுத்தம் முதல் அசையான 'ட்வொர்' மேல். பேலா பர்த்தோக் என்பதில் 'பே'யும் 'தோ'வும் நெடில், அழுத்தம் இரண்டு சொற்களிலும் முதல் அசையில். போலிஷில் 'ஓ' மேல் கோடு வந்தால் அது 'உ' ஆகிவிடும், ஆகவே கொரெட்ஸ்கி அல்ல, குரெட்ஸ்கி. ஐஸ்லாந்திக்கில் உயிரின் தன்மையே மாறும்: ஸிகுர் ரோஸ் என்பதில் வரும் 'ரோ', 'ஓ'வில் தொடங்கி 'உ'வை நோக்கி வழுக்கும்.

இரட்டைப் புள்ளிகளுக்கும் இதே கதை. ஜெர்மனில் அவை உயிரை மாற்றும். டச்சுப் பெயரில் அவை 'இங்கே அசையைப் பிரி' என்கின்றன, அதனால் டிஜே டி-எஸ்-டோ, மூன்று அசை. ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட், மோட்டர்ஹெட், மாட்லி க்ரூ, க்வீன்ஸ்ரைக் ஆகிய ராக் குழுக்களில் அவை வெறும் அலங்காரம். ஜெர்மன் கற்றவர்கள் அவற்றை உச்சரித்துக் காட்டுவதும் தவறுதான். மினசோட்டாவின் ஹஸ்கர் டூ இன்னும் விசித்திரமானது. 'உனக்கு நினைவிருக்கிறதா?' என்று பொருள்படும் ஸ்காண்டினேவியப் பலகை விளையாட்டின் பெயரை எடுத்து, மூலத்தில் இல்லாத புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

படி 4: வாயில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்

பிரெஞ்சு மூக்குயிர்களைக் கற்றுக்கொள்ள ஆங்கிலேயர்கள் பாடுபடுகிறார்கள். பேச்சுத்தமிழில் அவை நிறைய உண்டு. 'நான் நேத்து போனேன்' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். 'போனேன்' முடியும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொடுவதில்லை, ன் முழுதாக ஒலிப்பதில்லை, 'ஏ' மூக்கு வழியாக வந்து நின்றுவிடுகிறது. ஷொப்பேனின் கடைசி அசை அதுதான். 'அவன் வந்தான்' என்பதன் முடிவில் வரும் மூக்கு 'ஆ' இன்னொரு பிரெஞ்சு உயிர். 'பணம்', 'மரம்' என்பவை பேச்சில் முடியும் விதம், இதழ் மூடாமல் மூக்கில் கரையும் 'ஒ', மூன்றாவது.

இப்போது பலரைத் திணற வைக்கும் பெயரை எடுங்கள்: காமீய் சேன்-சான்ஸ். முதல் அசைக்குப் 'போனேன்' மூக்கொலி, இரண்டாவதுக்கு 'வந்தான்' மூக்கொலி, அதன் மேல் ஒரு 'ஸ்'. எழுத்தில் நிற்கும் இரட்டைப் புள்ளி 'எ' ஒலிப்பதே இல்லை, கடைசி 'ஸ்' கட்டாயம் ஒலிக்கும். பிரெஞ்சில் கடைசி மெய் ஒலிக்காது என்ற அரைகுறை விதியை நம்பி 'சேன்-சான்' என்று நிறுத்துவது பரவலான பிழை. பெர்லியோஸ், புலேஸ் ஆகியோரின் கடைசி 'இஸட்' குரலோடு ஒலிக்கும். புலேங்க் பெயரின் கடைசி 'க்' ஒலிக்கும், ரவெலின் 'ல்' ஒலிக்கும். பிஸே, மஸ்னே இருவரின் கடைசி 'டி' மட்டுமே ஊமை.

பஃ என்ற ஜெர்மன் பெயருக்கு ஆய்தம் இருக்கிறது. 'ஃப' எழுத உதவும் நவீன ஆய்தத்தைச் சொல்லவில்லை, 'அஃது', 'எஃகு' என்று பள்ளியில் ஒலித்த பழைய ஆய்தம். 'க்' சொல்வதற்கு நாக்கின் பின்பகுதியை உயர்த்துங்கள், ஆனால் அடைக்காதீர்கள், காற்று உரசிக்கொண்டு வெளியேறட்டும். உயிர் குறில் என்பதையும் மறக்க வேண்டாம், 'பாக்' என்ற நெடில் ஆங்கில வழியில் வந்தது. ரஃமானினஃப் பெயரின் முதல் அசையிலும் இதே உரசல்தான். கடைசி 'ஃப்' மட்டும் உதட்டொலி.

ஸ்பானியம் இன்னும் நெருங்கிய உறவுபோல நடந்துகொள்கிறது. உயிர்களுக்கு இடையில் 'டி', 'ஜி' எழுத்துகள் அங்கே மெலிந்துவிடும், நம் 'அது', 'பகல்' சொற்களில் த, க மெலிவதுபோலவே. ரொத்ரீகொ என்பதன் 'த்' 'அது'வின் த, 'கொ' 'பகல்' க. ஐஸ்லாந்திக்கில் குறுக்குக்கோடு போட்ட 'டி'யும் 'அது' த-தான். ப்யொர்க்கின் தந்தைவழிப் பெயரில் அது வருகிறது.

இத்தாலியப் பெயர்களில் ட வேண்டாம், த போதும். பவரொத்தி என்பதில் 'ரொட்டி'யின் ட்டி இல்லை, 'சுத்தி'யின் த்தி. இரட்டை மெய்யை நாம் இயல்பாகவே இரட்டிப்போம், ஆங்கிலேயர் இரட்டிக்க மாட்டார்கள். மொர்ரிக்கோனெ என்பதில் இரண்டு ர்-உம் தெரிய வேண்டும், கடைசி 'னெ'யை விழுங்கக்கூடாது. ஃபின்னிஷிலும் அப்படியே: எஸ-பெக்கா ஸலொனென், 'க்க' அப்படியே நம் 'பக்கம்'. ஞ நம்மிடம் இருப்பதால் பிரேசிலின் பிஷிங்கீஞா தொல்லையே தருவதில்லை.

இல்லாத ஒலிகள்

நாக்கும் உதடும் சேர்ந்து வேலை செய்யும் இரண்டு உயிர்கள் தமிழில் இல்லை. முதலாவது தெபுஸ்ஸியின் நடு அசை. 'இ' சொல்லிக்கொண்டே இருங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'உ'வுக்குக் குவியுங்கள். வருவதுதான் பிரெஞ்சு 'யூ', ஜெர்மனின் புள்ளி வைத்த 'யூ'. இரண்டாவது ப்யொர்க்கின் உயிர்: 'எ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஒ'வுக்குக் குவியுங்கள். இரண்டிலும் ஒரே பிழைதான் நடக்கும், உதடு குவியும்போது நாக்கும் பின்னால் போய்விடும். நாக்கு நுனி கீழ்ப்பற்களைத் தொட்டபடி இருந்தால் அது பின்வாங்காது. கண்ணாடி முன் பத்து முறை 'இ' நிலையிலிருந்து குவித்துப் பழகினால் பிடிபடும். அது வராவிட்டால் தெபுஸ்ஸிக்கு 'பு'வும், ப்யொர்க்குக்குப் 'ப்யெர்க்'கும் போதும். ப்யொர்க்கின் முதல் ஒலி ஐஸ்லாந்திக்கில் மூச்சும் குரலும் இல்லாத ப்-தான், நம் 'பால்' ப அங்கே அப்படியே பொருந்துகிறது.

ட்வொர்ஷாக்கின் நடு ஒலி செக் குழந்தைகளுக்கே தாமதமாக வாய்க்கும் ஒன்று. 'ர்ர்ர்' என்று நாக்கு நுனியை அதிரவிடுங்கள். அதிர்வை நிறுத்தாமல் மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் நெருக்குங்கள், நாக்கைச் சற்றே உயர்த்தி மூச்சை வேகப்படுத்துங்கள். ர் அதிரும்போதே அதனுள் குரலுள்ள 'ஷ' கேட்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அது முழு ஒலி இல்லை. ஆனால் செக் நாட்டுக்கு வெளியே பெரும்பாலான இசைக்கலைஞர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள், அதுவே போதுமானது. ர்-ஐ மட்டும் சொல்லி 'ஷ'வை விடுவதுதான் கூடாது.

படி 5: அழுத்தம்

செக், ஹங்கேரியம், ஃபின்னிஷ், ஐஸ்லாந்திக்: எப்போதும் முதல் அசை. போலிஷ்: கடைசிக்கு முந்தையது, ஆகவே பெண்டெ-ரெட்ஸ்-கி என்பதில் 'ரெட்ஸ்' ஓங்கும். பிரெஞ்சு: கடைசி அசை, அதுவும் லேசாக. இத்தாலியனும் ஸ்பானியமும் பெரும்பாலும் கடைசிக்கு முந்தையது. ரஷ்யனுக்கு விதி தேடாதீர்கள், ஒவ்வொரு பெயரையும் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்: ரஃ-மா-னினஃப்பில் 'மா', சைக்கோஃப்ஸ்கியில் 'கோஃப்', முஸர்க்ஸ்கியில் முதல் 'மு'. ரஃமானினஃப்பை 'நீ'யில் அழுத்துவது அடிக்கடி கேட்கும் பிழை.

படி 6: தமிழ் வாய் தானாகச் செய்வதைத் தடுங்கள்

நம் பழக்கங்கள் சில உதவுகின்றன, சில கெடுக்கின்றன. முதலாவது, உயிர்களுக்கு இடையில் ஒற்றை வல்லினம் மெலிவது. ஜப்பானியக் கலைஞர் ர்யூயிச்சி ஸகமொதொவின் பெயரை இப்படி எழுதினால் நாம் 'ஸஹமொதொ' என்று மெலித்துவிடுவோம். மூலத்தில் இரண்டும் வன்மை. குறிப்பட்டையில் 'ஸக்கமொத்தொ' என்று எழுதி, இரட்டிக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, மெல்லினத்தை அடுத்த வல்லினம் மெலிவது. 'சந்தானம்' என்று பழகிய வாய் ஸன்தானாவையும் அப்படியே சொல்லும். அங்கே வேண்டியது 'பத்து'வின் வன்மையான த். 'ஸன்' என்று நிறுத்தி, பிறகு 'த்தானா' என்று சொல்லிப் பழகி, இடைவெளியைப் படிப்படியாகக் குறையுங்கள்.

மூன்றாவது, சொல் முடிவில் ஒட்டிக்கொள்ளும் உகரம்: 'லிஸ்ட்டு', 'க்ரஃப்ட்வெர்க்கு'. கடைசி மெய்யைச் சொல்லி வாயை அங்கேயே நிறுத்துங்கள். நான்காவது, முதலில் கூட்டெழுத்து வந்தால் முன்னால் ஓர் இகரம் சேர்ப்பது. 'இஸ்ட்ரவின்ஸ்கி' என்று வந்தால், 'ஸ்ஸ்ஸ்' என்று இரண்டு நொடி நீட்டிவிட்டுப் பெயரைத் தொடங்குங்கள். நீட்டலில் குரல் இருக்கக்கூடாது.

எழுத்து விளையாட்டுப் பெயர்கள்

இங்கே மொழியறிவு உதவாது, தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஐ, என், எக்ஸ், எஸ் என்று எழுதும் ஆஸ்திரேலியாவின் நான்கெழுத்துக் குழு 'இன் எக்ஸஸ்'. எம்ஜிஎம்டி நான்கும் தனி எழுத்துதான், விரித்துப் படிக்கக்கூடாது. க்ளாஸ்கோவின் சர்ச்சஸ் 'யூ'வுக்குப் பதில் 'வீ' போட்டது இணையத் தேடலில் தேவாலயங்களோடு கலந்துவிடாமல் இருக்க. டெட்மௌஸ் பெயரின் முடிவில் நிற்கும் 5 என்பது 'எஸ்'. மூன்று ஆச்சரியக்குறி மட்டுமே பெயராகக் கொண்ட குழு 'ச்க் ச்க் ச்க்'. ஸன் குழுவின் பெயருக்குப் பின் வரும் 'ஓ'வும் மூன்று அடைப்புக்குறிகளும் ஒலிப்பதில்லை, அந்தப் பெயரில் இருந்த ஆம்ப்ளிஃபையரின் சின்னம் அது. பொன் ஈவேர் என்பது 'நல்ல குளிர்காலம்' எனும் பிரெஞ்சு வாழ்த்தைத் திரித்தது. பாடகி ஸிஸாவின் மூன்றெழுத்தைத் தனித்தனியாகப் படிக்கக்கூடாது, எம்.ஐ.ஏ.வை அப்படித்தான் படிக்க வேண்டும், 'மியா' என்று சேர்க்கக்கூடாது. மாதங்கி அருள்பிரகாசம் என்ற அவருடைய முழுப்பெயரில் மற்றவர்கள் திணறுகிறார்கள், நமக்கு அது எளிது. ஸ்வீடனின் அவீச்சி தன் பெயரைப் பௌத்த நூல்களின் அடிநரகமான அவீசியிலிருந்து எடுத்தார். அழுத்தம் 'வீ'யில்.

படி 7: வேற்றுமை உருபு சேர்க்கும்போது

பெயரைச் சரியாகச் சொன்னவர்களும் 'இன்', 'ஐ' சேர்க்கையில் நழுவுகிறார்கள். ஊமை மெய் உருபு வந்ததும் உயிர்த்தெழக்கூடாது: 'பிஸேயின்' சரி, 'பிஸெட்டின்' தவறு. மூக்குயிரில் முடிவதற்கு ன் முழுதாக வரலாம்: ஷொப்பேனின், ஷொப்பேனை. 'போனேன்' என்பதும் 'போனேனே' என்று நீளும்போது அதைத்தான் செய்கிறது. வல்லின முடிவு இரட்டிக்கும்: பர்த்தோக்கின், ப்யொர்க்கின். பஃ-க்கு எந்த உருபும் அழகாக ஒட்டாது. 'பஃ எழுதிய', 'பஃ அமைத்த' என்று வாக்கியத்தைத் திருப்பிவிடுங்கள், மேடையில் அதுவே பாதுகாப்பு.

படி 8: சரிபார்ப்பும் பயிற்சியும்

அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் இருவரின் ஒலிப்பதிவையாவது கேளுங்கள், ஒருவரை மட்டும் நம்பாதீர்கள். கலைக்களஞ்சியங்களில் பெயருக்குப் பக்கத்தில் பன்னாட்டு ஒலிப்பெழுத்து இருக்கும். அதில் மூன்று குறி தெரிந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். மேலே நிற்கும் சிறுகோட்டை அடுத்து வரும் அசையில் அழுத்தம் விழும், கோலன்போல் இரண்டு புள்ளி வந்தால் முன்னால் உள்ள உயிர் நெடில், எழுத்தின் தலையில் அலைக்கோடு இருந்தால் மூக்குயிர். 'எக்ஸ்' எழுத்து அங்கே பஃ-இன் உரசலைக் குறிக்கும், 'ஜே' என்பது ய, 'ஒய்' என்பது தெபுஸ்ஸியின் உயிர்.

பிறகு பெயரைக் கடைசி அசையிலிருந்து கட்டுங்கள். 'ஸ்கி', 'வாஃப்ஸ்கி', 'தொஸ்வாஃப்ஸ்கி', 'லுத்தொஸ்வாஃப்ஸ்கி'. முன்னாலிருந்து தொடங்கினால் வாய் நடுவில் களைத்து முடிவை மென்றுவிடும், பின்னாலிருந்து கட்டினால் தெரிந்த இடத்தை நோக்கிப் போகும். மெதுவாக ஐந்து முறை, இயல்பான வேகத்தில் ஐந்து முறை, கடைசியாக ஒரு முழுத் தமிழ் வாக்கியத்துக்குள் வைத்து மூன்று முறை. தனியாகச் சரியாக வந்த பெயர் வாக்கியத்துக்குள் கெட்டுப்போவது சாதாரணம். அலைபேசியில் பதிவு செய்து மூலத்தோடு ஒப்பிட்டால் எந்த அசை கெடுகிறது என்று தெரிந்துவிடும்.

நேரம் குறைவாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் மெய்கள், அடுத்து குறில் நெடில், பிறகு அழுத்தம், அரிய ஒலிகள் கடைசி. தமிழ் வாக்கியத்தின் நடுவே ஒரு பெயருக்காக மூச்சை நிறுத்தித் தொண்டையைச் செருமினால் கேட்பவர் இசையை விட்டு அதையே கவனிப்பார். பேச்சின் ஓட்டத்திலேயே பெயரும் வர வேண்டும்.

கலைஞர் மேடைக்கு வருகிறார் என்றால் வேறு வழியே தேவையில்லை. நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் அவரிடமே கேளுங்கள், அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள். அவர் எதிரிலேயே இரண்டு முறை திருப்பிச் சொல்லுங்கள். அவர் தலையசைத்த பிறகு, அசை பிரித்து, பெரிய எழுத்தில், தமிழில் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.